ஈரக்கைக் குழுவின் தொலையாத கேசட்டுகள்

4 மார்ச்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழிக்காமல் ஓரமாக வைத்திருப்பாய். அரை மணி கழித்து ஆவல் பொறுக்காமல் எடுத்திருப்பாய். நம் வீட்டு ரத்தம் அப்படி. கோபம் எவ்வளவு இருந்தாலும் வம்பு கேட்கிற காது தனியாக வேலை செய்யும்.

போன ஞாயிறு உன் வீட்டுக்குப் போன் செய்தேன். மாப்பிள்ளை எடுத்தார். "அவ இப்போல்லாம் போன்ல பேசறதில்ல மச்சான். ஆபரேஷனுக்கு அப்புறம் யார்கிட்டயும் பேசறதில்ல. எதுவா இருந்தாலும் எழுதிப் போடுங்க" என்றார். உனக்கு ஆபரேஷன் ஆன செய்தியே எனக்குப் பெரியம்மா மகள் சொல்லித்தான் தெரியும். அவள் தன் முழங்கால் வலியை ஒரு மணி நேரம் விவரித்துவிட்டு அதைக் கொசுறாகச் சொன்னாள். "உன் தங்கச்சிக்குத் தொண்டையில கட்டி எடுத்தாங்களே, உனக்குத் தெரியாதா?" தெரியாது என்று சொல்ல வெட்கம். "ஏன் தெரியாம?" என்று சொல்லிவிட்டு, போனை வைத்தபின் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பெண்மணி என்னைத் தேடி ஆபீசுக்கு வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பின்னால் ஒரே அறையில் இசைத்தட்டு நிறுவனம் நடத்துகிறார். உயிரோடு இருந்தபோது யாரும் கேட்காத குழுக்களைத் தேடிப்பிடித்து, இப்போதும் யாரும் கேட்காதபடி வெளியிடுவது அவர் தொழில். ஏதோ பழைய புத்தகத்துக்குள் நம் துண்டறிக்கை அவருக்குக் கிடைத்திருக்கிறது. 'ஈரக்கை - மின்னிசைக் குழு - மூவர்.' அதை வைத்து முதலில் நம் மூன்றாவது ஆள் ஸ்குரூவைப் பிடித்திருக்கிறார். அவன் இப்போது மின்விசிறி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். ஞாபகம் இருக்கிறதா, "ஈரக்கையோட தொடாதீங்கடா, செத்துப் போவீங்க" என்று அவன் கத்திக் கத்தியே நமக்குப் பெயர் வந்தது? "பாட்டா? எல்லாத்தையும் அவன் அழிச்சுட்டான் மேடம்" என்று சொல்லி அவரை என்னிடம் அனுப்பிவிட்டான்.

அந்த அம்மா என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, "நிஜமாவே அழிச்சிட்டீங்களா சார்? ஒண்ணுகூட இல்லையா?" என்று கேட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு துக்கம். நம் பாட்டுக்காக ஒருத்தர் துக்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை. என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அழிக்கலை."

தங்கச்சி, பதினோரு கேசட்டும் என்னிடம்தான் இருக்கின்றன. 'எடைக்கல் விதிகள் - பழைய பதிப்பு' என்று எழுதி ஒட்டிய பெட்டியில் இருபத்து நாலு வருஷமாக இருக்கின்றன. அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு எந்தத் திருடனும் திறக்க மாட்டான். எடைக்கல் ஆய்வாளனான நானே திறந்ததில்லை.

உன்னிடம் பொய் சொன்னேன். யாரோ ஒரு அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். இதற்கு நீ என்ன திட்டினாலும் தகும்.

வெளியிட மூவர் கையெழுத்தும் வேண்டும். ஸ்குரூ படிக்காமலே போட்டுவிட்டான். நானும் போட்டாயிற்று. உன்னுடையதுதான் பாக்கி. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன்


15 மார்ச்

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தாள் கிடைத்தது. கையெழுத்துப் போட முடியாது.

இதோடு நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் நீங்கள் மறந்திருக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு நான் உங்கள் அறைக்கு வந்தேன். நீங்கள் பஞ்சை வைத்து கீபோர்டின் கட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். "தப்பான நம்பர்" பாட்டு இருந்த கேசட் ஒன்றை மட்டும் கேட்டேன். போகிற இடத்தில் எனக்கென்று ஒன்று இருக்கட்டும் என்றுதான் கேட்டேன். நீங்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. "எல்லாத்துமேலயும் ரேடியோ செய்தி பதிவு பண்ணிட்டேன். போ" என்றீர்கள்.

போனேன். என் பாட்டின் மேல் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே போனேன். அதற்குப் பிறகு வீட்டில் ரேடியோவில் செய்தி தொடங்கினால் அணைத்துவிடுவேன். எனக்கு அரசியல் பிடிக்காது என்று இவர் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்.

அம்மா போனபோது வந்தேன். மூன்று நாள் ஒரே வீட்டில் இருந்தோம். "தண்ணி எங்க இருக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பெட்டி அடுத்த அறையில்தானே இருந்திருக்கும்?

ஆஸ்பத்திரி விசாரணைச் சாளரத்தில் இருபது வருஷம் வரிசை எண் கூப்பிட்டேன். ஒலிபெருக்கி வேண்டாம், இவள் குரலே போதும் என்று டாக்டர்கள் சொல்வார்கள். இப்போது என்னைக் கீழ்த்தளத்தில் பழைய கோப்பு அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். கோப்புகளைக் கூப்பிட வேண்டியதில்லை. குரல் போய்விட்டது. மிச்சம் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு விளக்க எனக்கு விருப்பமில்லை.

இப்போது அந்த இருபத்து மூன்று வயசுக்காரியைத் தெருவில் விடப்போகிறீர்கள். நாலு பேர் கேட்பார்கள். அதில் ஒருத்தர் என்னிடம் வந்து, "உங்களுக்கு எப்படிப்பட்ட குரல் இருந்தது!" என்பார். 'இருந்தது' என்பதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

தங்கை


28 மார்ச்

அன்புள்ள தங்கச்சிக்கு,

எனக்கு 'அவர்கள்' போட்டு எழுதுகிறவர்கள் வரி ஆபீஸ்காரர்கள் மட்டும்தான். அவர்களும் கெட்ட செய்திக்குத்தான் எழுதுவார்கள்.

நீ எழுதியது அத்தனையும் உண்மை. பஞ்சு உள்பட. ஏன் பொய் சொன்னேன் என்றால், நீ போகிறாய் என்ற கோபம். நான் பெரிய இசைமேதை ஆகப்போகிறேன், நீ நடுவழியில் இறங்கிவிட்டாய் என்று நினைத்தேன். நீ போன மூன்றாம் மாதம் எடைக்கல் துறையில் வேலைக்குச் சேர்ந்தேன். மேதை கதை அங்கே முடிந்தது. அதற்குப் பிறகு ஊரிலுள்ள கடைத் தராசுகளையெல்லாம் சரிபார்த்து முத்திரை குத்துகிறேன். தட்டுக்கு அடியில் மெழுகு ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதுதான் என் கலை. அம்மா போன அந்த மூன்று நாளும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பொய்யும் கடன் போலத்தான், நாள் ஆக ஆக முகத்தைப் பார்க்க முடியாது.

கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். எனக்கு ஐம்பத்து மூன்று முடிந்துவிட்டது. நான் செய்ததாகச் சொல்லிக்கொள்ள அந்தப் பதினோரு கேசட்டைத் தவிர ஒன்றும் இல்லை. தாளை மறுபடியும் இத்துடன் வைத்திருக்கிறேன்; தட்டு வெளிவருமா என்பது உன் கையில் இருக்கிறது.

இதற்கிடையில் ஒரு கூத்து. சிரிக்கவாவது செய்வாய் என்று எழுதுகிறேன்.

கேசட்டுகளை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். நல்ல மெஷினில் போட்டுக் கணினியில் ஏற்றி, "பஸ்ஸைப் பிடி" பாட்டை எனக்குப் போட்டுக் காட்டினார். அந்தப் பாட்டுக்குக் கீழ்வீட்டுக்காரர் கூரையில் காரை பெயர்கிறது என்று சண்டைக்கு வந்தாரே, அந்தக் குதியாட்டப் பாட்டு. கேட்டால், பஸ் போய், டிப்போவில் நின்று, டிரைவரும் ஓய்வுபெற்றுவிட்டார். பாடுகிறவள் மட்டும் இன்னும் "பிடீ... பிடீ..." என்று இழுத்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவு மெதுவு!

ஸ்குரூவுக்குப் போன் போட்டேன். அவன் சாவகாசமாகச் சொல்கிறான்: "நம்ம ரெக்கார்டர்ல பெல்ட் லூஸா இருந்துச்சுல்ல? வழுக்காம இருக்க மோட்டார் தண்டுல இன்சுலேஷன் டேப் சுத்தினேன். தண்டு தடிச்சா வேகம் கூடத்தான் செய்யும். நம்ம மெஷின்ல வேகமாப் பதிஞ்சுச்சு, வேகமாவே கேட்டோம். ஒழுங்கான மெஷின்ல போட்டா மெதுவாத்தான் வரும்."

"ஏண்டா அப்பவே சொல்லலை?"

"நீ கேக்கலையே."

ஊரார் தராசையெல்லாம் சோதிக்கிறவனின் பாட்டு முழுவதும் தப்பான தராசில் நிறுத்தது! ஆனால் அந்த அம்மாவோ கண்ணை மூடிக்கொண்டு, "இதுல ஒரு தலைமுறையோட களைப்பே இருக்கு சார்" என்கிறார். நாங்கள் களைக்கவே இல்லையம்மா, குதித்தோம் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்.

அந்த மெதுவான பாட்டை ஒரு தட்டில் போட்டு அனுப்பியிருக்கிறேன். கேட்டுப் பார். அதில் பாடுவது நீயே இல்லை. யாரோ ஒரு வயசான பொம்பளை, ஆம்பளையோ என்றுகூடச் சந்தேகம் வருகிறது. வெயிலில் மூட்டை சுமந்து வந்து, தொண்டையில் மணலோடு, பாதி வரியில் மூச்சு வாங்கிக்கொண்டு பாடுவது போல் இருக்கும். நன்றாகச் சிரி.

உன் அண்ணன்


10 ஏப்ரல்

அண்ணனுக்கு,

சிரிக்கவில்லை.

தட்டைச் சமையலறையில் வைத்துக் கேட்டேன். பாதிப் பாட்டில் மகள் காலேஜிலிருந்து வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றாள். "அம்மா, எப்போ பாடினே? போன வாரமா? எங்கிட்டச் சொல்லவே இல்ல?" என்றாள்.

புரிகிறதா?

அதுதான் என் குரல். இப்போது நான் பேசுவது அப்படித்தான் இருக்கும். மணல், மூச்சு, எல்லாம் அதே. போனில் கேட்கிறவர்கள் என்னை 'சார்' என்கிறார்கள். நான் யார் என்று சொன்னதும் மன்னிப்புக் கேட்பார்கள். அந்த மன்னிப்புதான் தாங்க முடியாது. அதற்காகத்தான் போனை எடுப்பதை விட்டேன்.

ஆம்பளையோ என்று சந்தேகம் வந்ததாம். நீ எழுதியதை மகள் சத்தம் போட்டுப் படித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு, "மாமாவுக்குத் தெரியாதாம்மா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். எனக்காக இல்லை, உனக்காக வெட்கப்பட்டேன்.

தாளைப் பற்றி இப்போது கேட்காதே.

தங்கை


16 ஏப்ரல்

தங்கச்சி,

'நீ' என்று திட்டியிருக்கிறாய். அதற்கே நான் தகுதியில்லாதவன். எனக்கு நாக்கில் சனி என்று அம்மா சொல்லுவாள். அது பேனாவுக்கும் இறங்கியிருக்கிறது.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். உனக்கு அது பிடிக்காது என்று எழுதியிருக்கிறாய். வேலையைச் செய்துவிட்டுச் சொல்கிறேன்.

ஸ்குரூவைக் கையோடு அழைத்துக்கொண்டு அந்த அம்மாவின் அறைக்குப் போனேன். நம் பதிவுகள் எல்லாவற்றிலும் அடியில் ஒரு முனகல் இருக்கிறது, மின்சாரத்தின் இரைச்சல். அது விநாடிக்கு ஐம்பது அதிர்வு இருக்க வேண்டும். அளந்து பார்த்தால் நாற்பத்திரண்டரை இருக்கிறது. ஆக, நூற்றுக்குப் பதினைந்து குறைவு. எடைக்கல் மாதிரி உறுதியான கணக்கு. அந்த முனகல் ஐம்பதுக்கு வரும்வரை வேகத்தைக் கூட்டினோம். வந்தது.

தங்கச்சி, நீ வந்தாய். இருபத்து மூன்று வயசு, மூக்கடைப்பு உள்பட. ஸ்குரூ தலையைத் திருப்பிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தான். அது நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த அம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "கொசு பாடற மாதிரி இருக்கு சார். களைப்பு போயிடுச்சு" என்கிறார். சரியான வேகத்தில் வெளியிடாவிட்டால் என் கையெழுத்தை வாபஸ் வாங்குவேன் என்று சொல்லிவிட்டேன். இருபத்து நாலு வருஷ வேலையில் தெரிந்தே ஒரு தப்பான தராசுக்கு நான் முத்திரை குத்தியதில்லை.

சரியான வேகத்துத் தட்டையும், "தப்பான நம்பர்" கேசட்டையும் அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு நீ கேட்டது இது. நீ கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் கேசட் உன்னுடையது.

உன் அண்ணன்


2 மே

அண்ணனுக்கு,

கேசட்டை அலமாரியில் என் புடவைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். அதற்கு நன்றி.

சரியான வேகத்துப் பாட்டைக் கேட்டேன். நல்ல பெண். துடிப்பான குரல். உண்மையைச் சொன்னால், பக்கத்து வீட்டுப் பெண் பாடுவதைக் கேட்பது போல இருந்தது. அவளோடு எனக்குச் சண்டை இல்லை. பழக்கம்தான் விட்டுப்போய்விட்டது.

நீ அனுப்பிய மெதுவானதைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறேன். போன வியாழன் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் சரணத்தில் நானும் பாடிக்கொண்டிருக்கிறேன் என்பது பாதி வரி போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதே சுருதி, அதே இழுப்பு. எனக்கு மூச்சுப் போகும் இடத்தில் அவளும் இழுத்து நிற்கிறாள். நான் எட்டிப் பிடிக்க வேண்டிய இடம் அதில் எதுவும் இல்லை. ஆபரேஷன் ஆன நாலு வருஷத்தில் முதல் தடவை. இவர் குளியலறையிலிருந்து வந்து வாசலில் நின்றார். நான் திறந்துவிட்டு மறந்த குழாயை மட்டும் மூடினார்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். மெதுவானது வெளிவருவதாக இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன். மற்றதற்கு இல்லை.

உன் முத்திரை, உன் நியாயம், எல்லாம் எனக்குத் தெரியும். நீ குதிக்க வைக்கச் செய்ததை ஜனங்கள் தலை குனிந்து கேட்பார்கள். ஸ்குரூ சுற்றிய டேப்புக்கு உன்னைப் பாராட்டுவார்கள். உனக்கு அது அவமானம்தான். ஆனால் 'இருந்தது' என்று என்னிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். என்னைச் சந்தித்தால், "நீங்கதானே அது?" என்பார்கள். ஆமாம் என்று இந்தக் குரலிலேயே சொல்வேன்.

தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். வேகத்தைப் பற்றி ஒரு வரியைக் கையாலேயே சேர்த்திருக்கிறேன். அதன் பக்கத்தில் நீ போட்டால் நடக்கும். போடாவிட்டால் கிழித்துவிடு. கோபித்துக்கொள்ள மாட்டேன். இனிமேல் கோபிக்கவும் தெம்பு வேண்டும்.

தங்கை


9 ஜூன்

அன்புள்ள தங்கச்சிக்கு,

தாமதத்துக்குக் காரணம் வேலை இல்லை. அகம்பாவம். உன் தாளை மேஜையில் வைத்துக்கொண்டு பத்து நாள் சுற்றி வந்தேன். ஆபீசில் ஒரு காய்கறிக்காரருடைய தராசை மூன்று தடவை சோதித்து, மூன்று தடவையும் சரியாக இருந்ததற்காக அவர் மேலேயே கோபித்துக்கொண்டேன். "நான் என்ன சார் பண்ணினேன்?" என்று பாவம் அழுவது போலக் கேட்டார்.

பதினோராம் நாள் இரண்டு தட்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். சரியான வேகத்தில் என் கீபோர்டுதான் காதை அடைக்கிறது. பார், பார், நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று ஒவ்வொரு வரிக்கு நடுவிலும் எட்டிப் பார்க்கிறது. நீ அந்த இரைச்சலில் இடம் தேடிப் பாடியிருக்கிறாய். மெதுவாக ஓடும்போதுதான் என் கெட்டிக்காரத்தனம் நொண்டி, ஓரமாக உட்கார்ந்துவிடுகிறது. நீ பாடுவது அப்போதுதான் கேட்கிறது. உன்னோடு ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்த எனக்கு இப்போதுதான் கேட்கிறது.

உன் வரிக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

தட்டு போன சனிக்கிழமை வெளிவந்தது. கண்ணாடிக் கடையில் நாற்காலிகளை ஓரம் தள்ளிப் போட்டுக் கேட்டோம். மொத்தம் பதினான்கு பேர். அதில் இரண்டு பேர் கண் சோதிக்க வந்தவர்கள், எழுந்து போக வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டார்கள். "பஸ்ஸைப் பிடி" முடிந்ததும் ஒரு வாத்தியார் கண்ணைத் துடைத்தார். ஒரு விமர்சகர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த வயசுலயே இவ்வளவு நிதானம் எப்படி சார் வந்துச்சு?" என்றார். ஸ்குரூவைக் காட்டினேன். அவன் கூசாமல், "எல்லாம் டேப்புதான்" என்றான். அதை ஏதோ தத்துவம் என்று அவர் குறித்துக்கொண்டார்.

யாருக்கும் விளக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நீ நம்ப மாட்டாய். ஸ்குரூ சாட்சி.

உன்னைப் பார்க்க வரவேண்டும். எப்போதோ வந்திருக்க வேண்டும். வராததற்கு ஒரு காரணம் இருக்கிறது, சொல்ல அசிங்கமாக இருந்தாலும் சொல்கிறேன். உன் குரலை நேரில் கேட்டதும் என் முகம் மாறிவிடும் என்று பயம். எனக்கு எதையும் மறைக்கத் தெரியாத முகம். அதனால் தினமும் காலையில் ஆபீஸ் கிளம்புமுன் தட்டைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்று கேட்கிறேன். முதல் வாரம் தேறவில்லை. இப்போது பரவாயில்லை, பாட்டு முடியும்வரை தாக்குப்பிடிக்கிறேன். நீ கதவைத் திறந்து "வா" என்று சொல்லும்போது நான் வேறெங்கும் பார்க்காமல் உன்னைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வரலாமா?

உன் அண்ணன்


17 ஜூன்

அண்ணா,

முகம் மாறும். எல்லோருக்கும் மாறியது. இவருக்கே ஒரு வாரம் ஆயிற்று, மகளுக்கு இரண்டு நாள். நீ கண்ணாடி முன்னால் நின்று பழகியது போதும். மிச்சத்தை இங்கே வந்து மாற்றிக்கொள். நான் பார்க்காத மாதிரி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஞாயிறு காலை வா. வீடு ஐந்தாம் மாடியில். லிஃப்ட் ஓடாது. கீழே நின்றுகொண்டு உன் வழக்கப்படி தெருவே கேட்கக் கூப்பிடாதே. அங்கிருந்து கேட்கிற மாதிரி நான் பதில் கொடுக்க முடியாது. மெதுவாக ஏறி வா.

தங்கச்சி